வாலில் முளைக்கும் தலை

பெங்களூரில் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகள் வின்ட் (Wnt) என்ற புரதம் செல்லுக்குச் செல் செய்தி சொல்லும் சமிக்ஞைப் பாதையைப் படமாக மனப்பாடம் செய்கிறார்கள். பிளனேரியா தட்டைப்புழுவில் பார்த்தால் மறக்கவே மறக்காது.

ஒரு வாரம் பட்டினி போட்டு, குளிர்ந்த ஈரத்தாளில் வைத்து வெட்டுங்கள். குளோரின் நீக்காத குழாய்நீர் மட்டும் கூடாது; புழு செத்துவிடும். வழக்கமாக வெட்டிய இடத்தில் தலைக்குத் தலை, வாலுக்கு வால் வளரும். வின்ட் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் பீட்டா-கேட்டனின் புரதத்தை, ஆர்.என்.ஏ. குறுக்கீட்டால் (மரபணுவின் செய்தியை அழித்துப் புரதம் உருவாகாமல் தடுக்கும் முறை) அடக்கினால், வால் இருக்கவேண்டிய இடத்திலும் தலை! 2008-இல் வெளியான முடிவு இது. கருவில் உடலின் அச்சை வகுப்பதும் இதே பாதைதான்.

பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலும் பீட்டா-கேட்டனினைச் சிதைக்க உதவும் ஏ.பி.சி. மரபணு பழுதாகி, அந்தப் புரதம் சிதையாமல் குவிகிறது. போர்குபைன் என்ற நொதியைத் தடுக்கும் மருந்து அங்கே உதவாது. அது வின்ட் சுரப்பை நிறுத்தும், பழுதோ அதற்கும் கீழ்ப்படியில். செல்லின் மேற்பரப்பில் வின்ட் ஏற்பிகளைக் குறைத்துவைக்கும் ஆர்.என்.எஃப்.43 மரபணு பழுதான கட்டிகள் போன்றவற்றில்தான் அந்த மருந்துக்கு வாய்ப்பு. அங்கும் எலும்பின் அடர்த்தியைக் கண்காணிக்கவேண்டும். எலும்பு வளரவும் வின்ட் தேவை.