அப்பாவின் வீராவில் ஒரு கம்ப்யூட்டர்: சாவியைத் திருப்பியதும் பாட்டு வர வேண்டும்

எங்கள் வீட்டில் இன்னமும் ஓடிக்கொண்டிருப்பது அப்பாவின் புரோட்டோன் வீரா கார், 1.5 லிட்டர், 2003-இல் வாங்கியது. காலை ஆறரைக்குக் கோலாலம்பூரின் செந்தூல் சந்தைக்குக் கிளம்புவார். சாவியைத் திருப்புவார், மின்னல் எஃப்எம் பாட ஆரம்பிக்கும், அதற்கப்புறம்தான் சீட் பெல்ட்டையே இழுப்பார். இருபது வருடப் பழக்கம். போன வருடம் அந்தப் பழைய ரேடியோ மூச்சை விட்டது.

ஆக்சஸரி கடைகளில் முந்நூறு நானூறு வெள்ளிக்கே ஆண்ட்ராய்டு பிளேயர் கிடைக்கிறது, தெரியும். நண்பன் காரில் ஒன்றைப் பார்த்தேன். கார் கிளம்பி சந்து முனை தாண்டிய பிறகுதான் திரையில் ஏதாவது தெரிந்தது. அப்பாவுக்கு அது ஒத்துவராது. தவிர, அவர் சேர்த்து வைத்திருந்த கேசட்டுகளை எல்லாம் நான் ஏற்கனவே கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தேன், அந்தப் பாட்டுகள் காருக்குள் வர வேண்டும், ரேடியோவும் வேண்டும், ஊருக்குப் போகும்போது இணையம் இல்லாமலே வரைபடம் வேண்டும் என்று மனதுக்குள் பட்டியல் நீண்டுகொண்டே போனது. சரி, நாமே செய்வோம் என்று ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றும் (இனி சுருக்கமாகப் பை), அதற்கென்றே வரும் ஏழு அங்குல தொடுதிரை ஒன்றும் வாங்கினேன்.

முதல் வேலை டாஷ்போர்டைக் கழற்றுவது. இருபது வருட வெயிலில் வெந்த பிளாஸ்டிக், கிளிப்பை நெம்பினால் பிஸ்கட் மாதிரி உடைகிறது. ஒன்று உடைந்ததும் நிறுத்திவிட்டு, பழைய பாகங்கள் விற்கும் கடையில் அதே மாதிரி நடுப் பேனல் ஒன்றை நாற்பது வெள்ளிக்கு வாங்கி வந்தேன். வெட்டுவது, அறுப்பது எல்லாம் அதில்தான். அசல் பேனல் இன்னும் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. யார் இந்த வேலையில் இறங்கினாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள்.

அளவு அடுத்த தலைவலி. இரட்டை டின் (கார் ரேடியோக்களுக்கான ஒரு பொது அளவு) ரேடியோ இடம் என்பது சுமார் 178 மில்லிமீட்டர் அகலம், 100 உயரம். இந்தத் திரையின் வெளி அளவு 194-க்கு 110. முன்பக்கமாக நுழையவே நுழையாது. ஆனால் படம் தெரியும் பகுதி 155-க்கு 86 தான், அதனால் திரையைப் பேனலுக்குப் பின்பக்கமிருந்து வைத்து, பழைய ரேடியோவைத் தாங்கிய இரும்புச் சட்டத்தை எடுத்துவிட்டு, இரண்டு அலுமினியக் கோணப் பட்டையில் பிடித்தேன். முன்னால் இருந்து பார்த்தால் சுற்றிலும் கறுப்பு ஓரம், நடுவில் படம். கம்பெனியிலேயே வந்த மாதிரி இருந்தது. டாஷ்போர்டின் மேல் அப்பா ஒட்டி வைத்த முருகன் சிலையை மட்டும் நகர்த்தக் கூடாது என்று உத்தரவு, ஆகவே ஜிபிஎஸ் ஆன்டெனாவை அதன் காலடியில் வைத்துவிட்டேன். வானம் நன்றாகத் தெரிகிற இடம் அதுதான், செயற்கைக்கோள்கள் சட்டென்று பிடிபடுகின்றன.

மின்சாரம்தான் இந்த வேலையில் பாதி. காரில் இரண்டு வயர் வருகிறது. மஞ்சள், எப்போதும் 12 வோல்ட். சிவப்பு, சாவி திருப்பினால்தான் வரும், ஏசிசி என்பார்கள். (இந்த நிறங்கள் கடை ரேடியோவோடு வரும் வயரில்தான் அப்படி. உங்கள் காரில் எது எது என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.) நான் முதலில் சிவப்பிலிருந்தே, 12 வோல்ட்டைப் பைக்கு வேண்டிய 5 வோல்ட்டாக்கும் மாற்றிக்குக் கொடுத்தேன். சாவியை ஒரு படி திருப்பினேன், திரை உயிர் பெற்றது, சந்தோஷமாக எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன், திரை கறுப்பாகி மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தது. மாற்றியில் கோளாறு என்று நினைத்து இன்னொன்று வாங்கினேன், அதுவும் அப்படியே. மல்டிமீட்டரைச் சிவப்பு வயரில் வைத்துக்கொண்டு தம்பியை ஸ்டார்ட் செய்யச் சொன்னபோதுதான் புரிந்தது: ஸ்டார்ட்டர் சுற்றும் அந்த ஒன்றிரண்டு விநாடி, ஏசிசியைச் சாவி சுவிட்சே துண்டித்துவிடுகிறது. ஸ்டார்ட்டருக்குப் பேட்டரி முழு பலத்தையும் கொடுக்கட்டும் என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். மஞ்சள் வயரிலோ மின்சாரம் அறுபடவில்லை, 9 வோல்ட் வரை இறங்கி மறுபடி ஏறியது, அவ்வளவுதான்.

ஆகவே உணவு மஞ்சளிலிருந்து, சிவப்பு வெறும் தகவலுக்கு. இந்த ஒரு வாக்கியம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

மஞ்சளில் மாற்றினேன். சாவியை எடுத்தால் பை தன்னை முறையாக மூடிக்கொள்ளும்படி செய்தேன், எல்லாம் சரி என்று நினைத்து தீபாவளிக்கு எல்லோரும் பஸ் ஏறி ஊருக்குப் போனோம். ஒன்பது நாள் கழித்து வந்தால் காரில் டிக் டிக் சத்தம் மட்டும்தான். பக்கத்து வீட்டு அங்கிள் கேபிள் போட்டு எழுப்பிக் கொடுத்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அளந்து பார்த்தேன்: பை மூடிக்கொண்ட பிறகும் மாற்றி, திரை எல்லாம் சேர்ந்து 0.14 ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருந்தது. ஒரு நாளைக்கு 3.4 ஆம்பியர்-மணி, ஒன்பது நாளில் 30. பேட்டரியே 45 தான்.

மென்பொருளில் மூடினால் போதாது, மின்சாரத்தையே வெட்ட வேண்டும். அதைச் செய்ய இன்னொரு குட்டிச் சிப் விழித்திருக்க வேண்டும். ஆர்டுவினோ புரோ மினி, 3.3 வோல்ட் வகை, அதை எடுத்தேன். அதிலுள்ள சிவப்பு விளக்கு எப்போதும் எரியும், அதற்கே மின்சாரம் போகும் என்பதால் சால்டரிங் முனையை வைத்து அந்த விளக்கை நீக்கினேன். எள்ளு அளவுதான் இருக்கும், முனையில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. போர்டிலுள்ள ரெகுலேட்டருக்கும் (வோல்ட்டைக் குறைத்து நிலையாக வைக்கும் பாகம்) வேலை கொடுக்காமல், ஹெச்டி7533 என்ற, தான் தின்பது மிகக் குறைவான ரெகுலேட்டரில் இருந்து ஊட்டினேன். சிவப்பு வயர் நேராகச் சிப்புக்குப் போகாது, 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பிசி817 ஆப்டோகப்ளருக்கு (இரு பக்கத்தையும் வயரால் இணைக்காமல், ஒளியால் தகவலை மட்டும் கடத்தும் பாகம்) போகும், அதன் மறுபக்கத்தைத்தான் சிப் பார்க்கும். சிவப்பு வந்தால் மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சைத் திறந்து பைக்கு மின்சாரம் கொடுக்கும். சிவப்பு போனால் ஐந்து விநாடி பொறுக்கும், ஸ்டார்ட்டர் சுற்றும் நேரம் இதற்குள் முடிந்துவிடும். அதற்கு மேலும் வரவில்லை என்றால் பையை மூடச் சொல்லி, இருபது விநாடி கழித்து மொத்தமாக வெட்டிவிடும். இப்போது கார் நிற்கும்போது என் பெட்டி தின்பது ஒரு மில்லிஆம்பியருக்கும் கீழே.

இந்தச் சாமான்களுக்கு ஜாலான் பாசார் போனேன், புடுவில். எலக்ட்ரானிக்ஸ் உதிரி வேண்டும் என்றால் கோலாலம்பூரில் வேறு எங்கே போவது? நான் கையில் எடுத்த மெல்லிய வயரைக் கடைக்காரச் சீன அங்கிள் வாங்கிப் பார்த்தார், "காருக்கா? எத்தனை ஆம்ப்?" என்று மலாயில் கேட்டார், மூன்று என்றதும் திரும்ப ரோலில் மாட்டிவிட்டு 1.5 சதுர மில்லிமீட்டர் வயரை வெட்டிக் கொடுத்தார். மஞ்சள் வயர் தொடங்கும் இடத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ் போடு, பெட்டிக்குப் பக்கத்தில் போட்டால் நடுவில் வயர் உரசும்போது என்ன செய்வாய் என்றும் கேட்டார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது பிறகு தெரிந்தது. அதற்கு முன் நான் போட்டிருந்த மெல்லிய வயரில், மாற்றி முனையில் 5.1 வோல்ட் இருந்தது, பை முனையில் 4.5 தான் இருந்தது. 4.63-க்குக் கீழே போனாலே பை மின்னல் குறி காட்டித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிறகு மாற்றியையே பைக்குப் பக்கத்தில் கொண்டு வைத்துவிட்டேன். நீள வயரில் 12 வோல்ட் ஓடட்டும், 5 வோல்ட் ஒரு சாண் ஓடினால் போதும்.

இனி வேகம். சாதாரண ராஸ்பெர்ரி பை இயங்குதளத்தைப் போட்டபோது சாவி திருப்பியதிலிருந்து பாட்டு வர 38 விநாடி. எது எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் சிஸ்டம்டி-அனலைஸ் கட்டளையை ஓட்டினேன். நெட்வொர்க் கிடைக்கும் வரை காத்திருக்கும் சேவைதான் பெரிய தின்னி. காரில் நெட்வொர்க்கே இல்லை, எதற்குக் காத்திருக்க வேண்டும்? அதை அணைத்தேன். ப்ளூடூத், தொடக்கத்தில் வரும் வானவில் படம், பிரிண்டர் சேவை எல்லாவற்றையும் அணைத்தேன். 17-க்கு வந்தது. அதற்கு மேல் சுரண்ட இடமில்லை.

அப்புறம் பில்ட்ரூட். தேவையானதை மட்டும் தேர்ந்து நமக்கென்று ஒரு லினக்ஸ் இயங்குதளத்தைக் கட்டித் தரும் கருவி. மடிக்கணினியில் ஒரு முறை முழுதாகக் கட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, எதையாவது மறந்துவிட்டால் மறுபடி காத்திருப்பு. டெஸ்க்டாப்பே கிடையாது, க்யூடி என்ற நிரல் கருவியில் எழுதிய என் மெனு நேராகத் திரையில் வரையும். பாட்டுக்கு எம்பிடி என்ற பிளேயர், வரைபடத்துக்கு நாவிட், அது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை மெமரி கார்டிலேயே வைத்துக்கொண்டு வழி காட்டும். இயங்குதளம் இருக்கும் பகுதியைப் படிக்க மட்டும் என்று வைத்தேன், திடீரென மின்சாரம் போனாலும் எழுதிக்கொண்டிருந்து பாழாகும் கோப்பு அங்கே இல்லை. முந்தைய அமைப்பில் ஒரு மெமரி கார்டு அப்படித்தான் செத்தது. பாட்டு 7 விநாடியில் வந்தது. மெனு 10.

எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவை உட்கார வைத்தேன். சாவியைத் திருப்பினார், கை ரேடியோ இருந்த பக்கம் போனது, காத்திருந்தார். "இன்னும் வரலையேப்பா" என்றார். ஏழு விநாடி காதால் கேட்க எவ்வளவு நீளம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னும் குறைக்கலாம் என்று ஒரு வாரம் முயன்றேன். ஆனால் லினக்ஸ் ஆரம்பிப்பதற்கு முன்பே பையின் சொந்த ஃபர்ம்வேர் (உள்ளேயே பதிந்து வரும் மென்பொருள்) சில விநாடி எடுத்துக்கொள்கிறது, அதில் நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஒரு நாள் டியூக் சாலையில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது தோன்றியது: அப்பா காத்திருப்பது கம்ப்யூட்டருக்கு இல்லை, ரேடியோவுக்கு. ரேடியோவை ஏன் பையின் கையில் கொடுத்தேன்? எஸ்ஐ4703 என்ற எஃப்எம் சிப், தபால்தலை அளவுப் போர்டில் வருவது, அதுவரை பையோடுதான் இணைந்திருந்தது. அதைக் கழற்றி, ஏற்கனவே விழித்திருக்கும் அந்த குட்டி ஆர்டுவினோவோடு இணைத்தேன். அந்த எஃப்எம் சிப்பின் படிகம் நிலைபெற அரை விநாடி, எழுந்திருக்க இன்னும் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். சிவப்பு வந்ததும் ஆர்டுவினோ ஆம்ப்ளிஃபையரை எழுப்பி, கடைசியாகக் கேட்ட நிலையத்தைப் பிடித்துவிடுகிறது. பை தன் பாட்டுக்கு 10 விநாடி எடுத்து எழுந்து, சீரியல் வயர் வழியாக எந்த நிலையம் ஓடுகிறது என்று கேட்டுத் திரையில் காட்டும். கேசட் பாட்டு வேண்டும் என்று தொட்டால் ஒரு சின்ன ரிலே சுவிட்ச் ஒலியைப் பை பக்கம் திருப்பும்.

இப்போது ஒரு விநாடிக்குள் மின்னல் எஃப்எம்.

ஆனால் முதல் நாள் பை எழுந்ததும் நிலையத்தின் மேல் உஸ் என்ற இரைச்சல் ஏறிக்கொண்டது. 5 வோல்ட் மாற்றி விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை திறந்து மூடுவதன் சத்தம் எஃப்எம் அலையில் கலக்கிறது. வீட்டில் காலியாகக் கிடந்த மைலோ டின்னை வெட்டி, மடித்து, மாற்றிக்கு ஒரு பெட்டி செய்தேன். பக்கவாட்டில் காற்றுக்கு ஆணியால் ஓட்டை, மூலையில் ஒரு சால்டர் பொட்டு, அங்கிருந்து காரின் இரும்பில் தரைவயர். உள்பக்கம் பச்சை வண்ணமும் பாதி எழுத்தும் இன்னும் தெரியும். இரைச்சல் போயே போய்விட்டது. ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் கீச் என்று ஏறிய இன்னொரு சத்தம், ஆம்ப்ளிஃபையருக்கும் பைக்கும் தனித்தனி இடத்தில் தரை கொடுத்திருந்ததால் வந்தது. இரண்டையும் ஒரே போல்ட்டில் சேர்த்ததும் அடங்கியது.

வெப்பத்தைப் பற்றிச் சுருக்கமாக: பத்துமலையில் மதியம் வெட்டவெளியில் நிறுத்திவிட்டு வந்து பார்த்தபோது பை 84 டிகிரி காட்டியது. 80-இலேயே அது வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். திரைக்குப் பின்னால் இருந்த பையை எடுத்துக் கையுறைப் பெட்டிக்கு அடியில், அலுமினிய உறையோடு வைத்தேன். அதற்கப்புறம் 70-ஐத் தாண்டவில்லை. கார் நகரும்போது படம் ஓடாது, ஜிபிஎஸ் வேகத்தைப் பார்த்து மெனுவே தடுத்துவிடும். ஓட்டுகிறவர் கண் சாலையில் இருக்க வேண்டும், அதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை.

வீணானதைக் கணக்கில் எடுக்காமல் சுமார் 780 வெள்ளி ஆனது. இன்னும் முடியாத வேலை ஒன்று இருக்கிறது: விளக்குப் போட்டால் மின்சாரம் வரும் ஆரஞ்சு வயரை நான் இணைக்கவில்லை, அதனால் இரவில் திரை கண்ணைக் கூசுகிறது, அப்பா ஒரு துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு ரேடியோ கேட்கிறார். சனிக்கிழமை ஜாலான் பாசாரில் இன்னொரு பிசி817 வாங்கி வந்து அதைச் செய்துவிடுவேன்.