கொடி விழும்வரை ஆடினோம்

2024 டிசம்பர் 12 அன்று செந்தோசாவில் நடப்பு வெற்றியாளர் டிங் லிரென் 55ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்துத் தவறவிட, இந்தியாவின் குகேஷ் செஸ் உலக வெற்றியாளர் ஆனார். நம் சங்கத்து வாட்ஸ்அப் குழு அன்று அமர்க்களப்பட்டது. அப்போது தம்பி ஒருவர், சிங்கப்பூரில் செஸ் எப்போது இவ்வளவு வளர்ந்தது என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்விதான் இதை எழுத வைத்தது.

வளர்த்தவர்களில் நான் முதலில் சொல்வது பேராசிரியர் லிம் கோக் ஆன் பெயரைத்தான். அவர் கிருமியியல் அறிஞர், 1957இல் ஆசியக் காய்ச்சல் பரவியபோது அந்தக் கிருமியைப் பிரித்தெடுக்கப் பாடுபட்டவர். இத்தனை வேலைக்கு நடுவே 1960களில் சதுரங்கச் சம்மேளனத்தையும் நடத்தினார், பிறகு 1982 முதல் 1988 வரை ஃபிடே என்ற உலகச் செஸ் அமைப்புக்கே பொதுச் செயலாளராக இருந்தார். சுதந்திரம் பெற்று மூன்றே ஆண்டில், 1968இல், நாடுகளின் அணிகள் மோதும் லுகானோ செஸ் ஒலிம்பியாடுக்கு நம் அணி போயிற்று என்றால் சும்மா இல்லை.

நம் பள்ளிக்கு அந்தக் காற்று 1972இல் வந்தது. ஐஸ்லாந்தில் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் உலகப் பட்டத்துக்காக மோதிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் உயர்நிலை இரண்டில். நாளிதழில் வந்த நகர்த்தல்களை வெட்டி எடுத்துக்கொண்டு கேண்டீன் மேசையில் அட்டைப் பலகையை விரித்து ஒவ்வொன்றாக ஆடிப் பார்ப்போம், மணி அடித்தாலும் எழ மனம் வராது. அப்போது நகர்த்தலை எழுதும் முறையே வேறு. ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினால் பி-கே4 என்று எழுத வேண்டும், ஒரே கட்டத்துக்கு வெள்ளைப் பக்கமிருந்து ஒரு பெயர், கறுப்புப் பக்கமிருந்து இன்னொரு பெயர். கணக்கு ஆசிரியர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். சனிக்கிழமைகளில் பள்ளியைத் திறந்து வைத்ததும் அவர்தான், அதற்கு ஒரு வெள்ளிகூட வாங்கவில்லை.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு செஸ் கடிகாரம். மரப்பெட்டியில் இரண்டு முகங்கள். நிமிட முள் பன்னிரண்டை நெருங்க நெருங்க அந்தச் சின்னச் சிவப்புக் கொடியைத் தூக்கும், தாண்டியதும் பொத்தென்று விடும். கொடி விழுந்தால் நேரம் முடிந்தது. பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் எதிரணிக்காரனே அந்தக் கொடியைத்தான் வெறித்துப் பார்ப்பான், பலகையை அல்ல.

மறு ஆண்டு டான் லியான் ஆன் கிராண்ட்மாஸ்டருக்கு அடுத்த பட்டமான சர்வதேச மாஸ்டர் ஆனார், நம் நாட்டின் முதல் ஆள். உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்றான லெனின்கிராட் மண்டலங்களிடைப் போட்டியிலும் ஆடினார். இன்றைய பிள்ளைகள் பலருக்கு அவர் பெயரே தெரியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதற்குப் பிறகு மனநல மருத்துவரான வோங் மெங் கோங், செஸ்ஸின் உச்சப் பட்டமான கிராண்ட்மாஸ்டர் ஆக 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திறமை இல்லாமல் இல்லை. தேர்வு, தேசிய சேவை, வேலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நல்ல ஆட்டக்காரர்களைக் கொண்டுபோய்விட்டன, என் வகுப்பிலேயே அப்படிச் சிலர்.

சரி, ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்து ஆட்டக் குறிப்புத் தாள் யாரிடமாவது இருந்தால், கறை படிந்திருந்தாலும் பரவாயில்லை, படம் எடுத்துக் குழுவில் போடுங்கள். அடுத்த மலரில் நகர்த்தல்களோடு அச்சிடலாம்.