ஏர்னி கோவக்ஸின் சாய்ந்த மேசை

அமெரிக்கத் தொலைக்காட்சியின் தொடக்க காலத்தில் நகைச்சுவை என்றால் பெரும்பாலும் மேடைக் கூத்துத்தான். 1948இல் பெயரெடுத்த மில்டன் பேர்ள் சனத்துக்கு முன்னால் நின்று ஆடினார். கமரா அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1950இல் பிலடெல்பியாவில் காலை நிகழ்ச்சி நடத்த வந்த ஏர்னி கோவக்ஸ்தான் கமராவையே பகிடி பண்ண வைத்தவர்.

1957 ஜனவரி 19இல் என்பிசி தொலைக்காட்சியில் அவர் அரை மணிநேரம் வசனமில்லாமல் நடித்துக் காட்டினார். அதில் ஒரு மேசைக் காட்சி. ஒலிவ் காய்களை மேசையில் வைக்கிறார், அவை தாமாக உருண்டு ஓடுகின்றன. பிளாஸ்கிலிருந்து பாலை ஊற்றுகிறார், அது குவளையில் விழாமல் பக்கவாட்டில் போகிறது. மேசை, கதிரை, சுவர் எல்லாம் சாய்வாகக் கட்டப்பட்டவை. கமராவும் அதே அளவு சாய்ந்து நின்றதால் படத்தில் எல்லாம் நேராகத் தெரிந்தது. ஸ்ரூடியோவில் சனத்தை இருத்தி வைப்பது அவருக்குப் பிடிக்காது. நேரில் பார்ப்பவருக்குச் சாய்வு தெரிந்துவிடும், பிறகு எங்கே சிரிப்பு?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போனில் பகிடி வீடியோ எடுக்கிற பொடியள் இதைச் செலவில்லாமல் செய்யலாம். 4 அடி நீள மேசையின் ஒரு பக்கக் கால்களுக்குக் கீழே கல் அடுக்கி, அந்த முனையை 1 அடி உயர்த்துங்கள். ஏறத்தாழ 14½ பாகை சாய்வு வரும். இருக்கிற வாங்கையும் அதே அளவு சாய்க்க வேண்டும். போனை மேசையின் நீளப் பக்கத்துக்கு நேரெதிரே வைத்து, திரையில் கட்டக் கோடுகளைப் போட்டு, மேசை விளிம்பு கிடைக்கோட்டோடு ஒட்டும்வரை போனைச் சரியுங்கள். சில போன்களில் அடிவானத்தைத் தானாக நேராக்கும் வசதி இருக்கிறது. அதை நிறுத்தாவிட்டால் எல்லாம் வீண். நேராக எடுத்துவிட்டுப் பிறகு எடிற்றிங்கில் திருப்பினால் நாலு மூலையும் வெட்டுப்படும்.

உருட்ட நெல்லிக்காய் நல்லது. பாலைப்பழம் வேண்டாம், பால் ஒட்டி நின்றுவிடும். துணி விரிக்காதீர்கள். அசையக்கூடாத சாமான்களுக்கு இரண்டு பக்கமும் ஒட்டுகிற ரேப் போடுங்கள். பாலை 20 செ.மீ. உயரத்திலிருந்து ஊற்றினால் படத்தில் 5 செ.மீ. விலகி விழும், 7 செ.மீ. அகல வாயுள்ள பேணியைத் தவறவிட அது போதும். கண்ணாடிக் கிளாஸ் வைத்தால் உள்ளே பாலின் மட்டம் சரிந்து தெரிந்து குட்டு வெளிப்படும். ஆகவே சில்வர் பேணி. பின்னால் கடும் நிறச் சுவர் இருந்தால் பால் தாரை எடுப்பாகத் தெரியும்.

பெரும்பாலும் பிழைக்கிற இடம் நடிகரின் உடம்பு. சாய்வில் இருத்தினால் முதுகு தானாக நிமிரப் பார்க்கும். படத்தில் அவர் ஒரு பக்கம் சரிந்து தெரிவார். சட்டைப் பொத்தான் வரிசை மேசைக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று ஒருவர் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சாய்வின் கீழ்ப்பக்கக் காலுக்கு ஒரு கட்டை கொடுத்தால் அவரால் தாங்கியிருக்க முடியும். தொங்குகிற எதுவும் காட்டிக் கொடுக்கும்: சங்கிலி, பின்னல், சேலைத் தலைப்பு, மின்குமிழ். தறப்பாளைப் பின்னால் கட்டினாலும் அதன் மடிப்புகள் சரிந்து தெரியும், இழுத்துக் கட்டுங்கள். யன்னல், கதவு இல்லாத வெறுஞ்சுவர் இன்னும் நல்லது.

உருளுகிற காட்சியை முதலில் எடுத்து முடியுங்கள். பால் சிந்திய மேசையில் நெல்லிக்காய் பிறகு ஒழுங்காக ஓடாது.