நாலாவது செட் ஸ்ட்ரிங்கும் ஒரு மில்லிமீட்டர் நட்டும்

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு என் பாஸ் கிடாரின் ஓப்பன் ஈ, அதாவது விரல் வைக்காமல் மீட்டும் தடித்த ஈ கம்பி, முதல்முறையாகப் பாடியது. மரக்கதவைத் தட்டினாற்போல 'டொங்' என்று வந்து நின்றுவிடும் ஒலி, ஒன்றரை வருடம் கழித்து, மூக்கால் லேசாக முனகிக்கொண்டே நீண்டு அடங்கியது. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டதால் ஆம்ப் போடவில்லை, ஹெட்போனில்தான் கேட்டேன். இந்த ஒன்றரை வருடத்தில் நாலு செட் ஸ்ட்ரிங் மாற்றியிருக்கிறேன். முதல் மூன்றின்மேல் நான் சுமத்திய பழியில் பாதி அநியாயம் என்று இப்போதுதான் புரிகிறது.

ஃப்ரெட்லெஸ், அதாவது ஃப்ரெட் எனும் குறுக்குக் கம்பிகள் இல்லாத பாஸ், என்று கடையில் வாங்கியது இல்லை. பழைய ஜாஸ் பாஸ் நகல், 34 இன்ச் ஸ்கேல் (கழுத்தின் உச்சியில் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து அடியிலுள்ள பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம்), விரல் வைக்கும் ஃபிங்கர்போர்டு ரோஸ்வுட். சால்டரிங் அயர்னால் சூடுகாட்டி, கொறடால் ஃப்ரெட்டைப் பிடுங்கி, அவை இருந்த காடிகளில் கோடாகத் தெரியும்படி வெனீர் பட்டை ஒட்டி, உப்புத்தாள் போட்டுச் சமன் செய்தேன். அந்தக் கதையை எல்லோரும் செய்து பார்த்திருப்பீர்கள். 1961-லேயே, பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸில் வாசித்த பில் வைமன் ஒரு மலிவு பாஸில் புது ஃப்ரெட் போடலாம் என்று பழையதைப் பிடுங்கியவர், ஒலி பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார். எனக்கும் அதே சோம்பேறித்தனம்தான். அவருக்குப் பலித்தது.

முதல் செட் ஏற்கெனவே மாட்டியிருந்த நிக்கல் ரவுண்ட்வூண்ட் (உருண்டைக் கம்பி சுற்றியது), 45-105 (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன், இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). சொல்லப்போனால் 'ம்வா', ஃப்ரெட்லெஸுக்கே உரிய அந்த முனகல், அதிகம் கேட்டது அதில்தான். ஐந்தாவது கோட்டுக்கு மேலே போய்விட்டால் ஒவ்வொரு சுரமும் தொண்டையைத் திறந்து பேசும். ஆனால் இரண்டே மாதத்தில் டி ஸ்ட்ரிங்கின் அடியில், நான் எப்போதும் விரலை ஆட்டும் இடத்தில், மரத்தில் வரிவரியாகக் கீறல் விழுந்துவிட்டது. ஃப்ரெட்லெஸ் மேதை ஜாகோ பாஸ்டோரியஸ் ரவுண்ட்வூண்ட்தானே போட்டார் என்று கேட்பவர்களுக்கு: அவர் தன் 1962 ஃபெண்டர் ஜாஸ் பாஸின் ஃபிங்கர்போர்டில் படகுக்குப் பூசும் எபாக்சி ரெசினைப் பூசிவிட்டு, அதற்கு மேல்தான் ரோட்டோசவுண்ட் ஸ்விங் பாஸ் ஸ்ட்ரிங்கை ஓட்டினார். அந்தக் கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அரத்துக்குத் தம்பி. வெறும் ரோஸ்வுட்டில் அதைப் போட்டுவிட்டு ஜாகோ மாதிரி வரவில்லையே என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

எனக்கு இருந்த குறை வேறு. விரல் வைத்த சுரங்கள் பாடின, ஓப்பன் ஸ்ட்ரிங் பாடவில்லை. ஈ-யில் முதல் இரண்டு கோடுகளான எஃப், எஃப் ஷார்ப் இரண்டையும் அழுத்த விரல் நோகும், கோட்டின் மேலேயே வைத்தாலும் சுருதி கொஞ்சம் ஏறி நிற்கும். ஸ்ட்ரிங் தடிப்பு, அதுதான் விறைப்பாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

இரண்டாவது, டடாரியோ குரோம்ஸ், 45-100 ஃபிளாட்வூண்ட் (தட்டைப் பட்டை சுற்றியது). மரம் பிழைத்தது. விரல் இழுக்கும்போது வரும் 'சர் சர்' போய்விட்டது. ஆனால் இழுவிசை கூடுதல் என்பதால் மாட்டிய மறுநாளே நெக் வளைந்து, நெக்கினுள் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் திருக வேண்டியிருந்தது. ஒலி நன்றாகத்தான் இருந்தது, புதிதில் எதிர்பார்த்ததைவிடப் பளிச்சென்றே இருந்தது. விறைப்பு மட்டும் அப்படியே. ஓப்பன் ஈ, அதே மரக்கதவு.

மூன்றாவது, நண்பர் ஒருவர் கழற்றி வைத்திருந்த தோமாஸ்டிக் ஜாஸ் ஃபிளாட்ஸ். வியன்னாவில் செய்வது, விலை கேட்டால் மயக்கம் வரும், அதனால்தான் பழசு. ஃபிளாட்வூண்டில் பழசு என்பது குறையே இல்லை. ரவுண்ட்வூண்ட் மாதிரி பள்ளங்களில் அழுக்குச் சேர்ந்து செத்துப்போகாது. இதன் அளவு விசித்திரமாக இருக்கும்: 43, 56, 70, 100. ஏ-யிலிருந்து ஈ-க்குப் போகும்போது ஓணானிலிருந்து முதலைக்குத் தாவினாற்போல இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும். இழுவிசை மிகக் குறைவு, விரலுக்கு வெண்ணெய். நடுத்தர ஒலிகள் அழகாக முன்னே வரும். நான்கிலும் வாசிக்க எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் கவனியுங்கள், இவ்வளவு தளர்வான ஸ்ட்ரிங்கிலும் முதல் கோட்டில் விரல் நொந்தது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஃபிளாட்வூண்ட் என்றாலே இப்படித்தான் போலிருக்கிறது என்று அடுத்ததுக்குத் தாவிவிட்டேன்.

இடையில் ஒரு விஷயம். நான் இருப்பது திருவான்மியூர், கடலிலிருந்து நடக்கிற தூரம். இங்கே உப்புக்காற்றில் நிக்கல் ரவுண்ட்வூண்ட் மூன்று மாதம் தாங்கினால் பெரிது. வாசித்து முடித்ததும் துடைக்காமல் விட்டால் மறுநாள் விரல் பட்ட இடமெல்லாம் கறுத்துக்கிடக்கும். நைலான் டேப்வூண்ட் வாங்க இதுவும் ஒரு காரணம்: வெளியே நைலான் பட்டை, துருவுக்கு வேலையில்லை.

ஆக, நாலாவது செட் ரோட்டோசவுண்ட் ட்ரூ பாஸ் 88. கறுப்பு நைலான், 65-115. எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நைலான் தடிமனைக் கூட்டுகிறதே தவிர எடையை அவ்வளவாகக் கூட்டுவதில்லை. இழுவிசையைத் தீர்மானிப்பது நீளமும் சுருதியும் எடையும்தான், சுற்றளவு அல்ல. எனவே கயிறு மாதிரி தடியாகத் தெரிந்தாலும் கையில் மெத்தென்றுதான் இருக்கும்.

இந்த செட் வருவதற்கு முன் ஒரு கூத்து. இணையத்தில் ஒரு கடையில் லாங் ஸ்கேல் (34 இன்ச்) என்று கேட்டதற்கு, 30 இன்ச் பாஸுக்கான செட்டை அனுப்பிவிட்டார்கள். மாட்டிப் பார்த்தால் ஈ-யின் தடித்த பகுதி நட்டைத் தாண்டாமலேயே மெலிந்துவிடுகிறது. திருப்பி அனுப்ப மூன்று வாரம், நாலு மின்னஞ்சல், ஒரு சண்டை. இப்போதெல்லாம் பெட்டியைத் திறப்பதற்கு முன் உறையில் ஸ்கேல் என்ன என்று படித்துவிட்டுத்தான் கத்திரியை எடுக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், திறந்துவிட்டால் யாரும் லேசில் திரும்ப வாங்கமாட்டார்கள்.

சரி, சரியான செட் வந்தது. மாட்டினேன். ஈ, நட்டின் காடிக்குள் இறங்கவே இல்லை. 105-க்கு வெட்டிய காடி 2.67 மி.மீ., ஸ்ட்ரிங் 2.92. திண்ணை ஓரத்தில் இடம் கிடைக்காதவர் மாதிரி விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றது. ஜி இன்னும் மோசம்: 1.14 மி.மீ. காடியில் 1.65 மி.மீ. கம்பி. எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று கணக்குப் போட, முதல் தடவையாக ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) எடுத்து நட்டின் அருகே அளந்தேன். பைக்கில் டாப்பெட் சரிசெய்ய வாங்கிய அதே கேஜ். இந்தப் புது ஸ்ட்ரிங்கை விட்டுவிடுங்கள். காடியின் அடித்தளமே ஃபிங்கர்போர்டிலிருந்து 1.5 மி.மீ. உயரத்தில் இருந்தது.

அப்போதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். ஃப்ரெட் உள்ள பாஸில் நட், ஃப்ரெட்டின் உயரத்துக்கு மேலே கொஞ்சம் தூக்கி இருந்தாக வேண்டும். என் பாஸின் ஃப்ரெட் ஒரு மி.மீ.க்குச் சற்று அதிகம். ஃப்ரெட்டையெல்லாம் பிடுங்கினேன், பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடில்களை இறக்கினேன், நெக்கை நிமிர்த்தினேன். நட்டை மட்டும் யார் இறக்குவது? இல்லாத ஃப்ரெட்டுக்கு மரியாதை கொடுத்துக்கொண்டு அது அப்படியே நின்றிருக்கிறது. ஃப்ரெட்லெஸில் காடியின் அடி, மரத்திலிருந்து ஒரு விசிட்டிங் கார்டு கனம் மேலே இருந்தால் போதும். முதல் கோட்டில் விரல் நொந்ததும் சுருதி ஏறியதும் இதனால்தான். ஓப்பன் ஈ வாயை மூடிக்கொண்டிருந்ததும் இதனால்தான்.

ஏன் என்றால், 'ம்வா' என்பது ஸ்ட்ரிங் அதிரும்போது மரத்தை நெடுக உரசி உரசி விலகுவதால் வருவது. தம்புராவில் பிரிட்ஜின் மேல் ஜீவா நூலை நகர்த்திச் சரியான இடம் பார்ப்பார்களே, அதே சங்கதி. கம்பி ஒரு வளைவான பரப்பைத் தொட்டும் தொடாமலும் போகும்போதுதான் அந்த ரீங்காரம் பிறக்கிறது. ஒன்றரை மி.மீ. உயரத்தில் தொங்கும் ஓப்பன் ஸ்ட்ரிங் எதை உரசும்?

இனி அரம். நட் அரம் என்று தனியாக விற்கிறார்கள், ஒரு செட் விலையில் இன்னொரு பழைய பாஸே வாங்கிவிடலாம். கேஸ் வெல்டிங் செய்பவர்கள் நாசில் அடைப்பு எடுக்கும் டிப் கிளீனர் அந்த வேலையைச் செய்யும் என்று தெரிந்து பாரிமுனை செம்புதாஸ் தெருவுக்குப் போனேன்.

"என்ன சார், கட்டிங் டார்ச்சுக்கா?"

"இல்லண்ணே, கிடார் நட்டுக்கு."

"நட்டு மட்டும் போதுமா, போல்ட் வேணாமா?"

அவர் வேண்டுமென்றே கேட்டாரா, உண்மையிலேயே கேட்டாரா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. செட்டில் ஒரு டஜன் குச்சிகள், எல்லாம் உருண்டை அரம், விலை ஒரு பிரியாணிக்கும் குறைவு. ஜி-க்கு இது அருமையாகப் பொருந்தியது. ஆனால் இதில் மிகத் தடித்த குச்சியே கிட்டத்தட்ட 2 மி.மீ.தான், ஈ-க்குப் போதாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன், கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன்: கழற்றிப்போட்ட குரோம்ஸின் ஈ, 2.54 மி.மீ. அதன்மேல் 400 நம்பர் உப்புத்தாளை ஒரே சுற்று சுற்றினால், தாளின் கனம் இருபுறமும் 0.2. கூட்டினால் 2.94. புது ஈ-யைவிட ஒரு முடி அகலம். அளவெடுத்துத் தைத்த அரம்!

பெருமை அரைமணி நேரம்தான் நீடித்தது. காடியின் அடி, ட்யூனர் (முறுக்காணி) பக்கமாகச் சரிந்து இறங்க வேண்டும், ஸ்ட்ரிங் கடைசியாகத் தொடுவது ஃபிங்கர்போர்டு பக்க விளிம்பாக இருக்க வேண்டும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், மடியில் பாஸை வைத்துக்கொண்டு தேய்த்ததில் கை தாழ்ந்து, சரிவு தலைகீழாக விழுந்துவிட்டது. மாட்டினால் ஓப்பன் ஈ சித்தார் மாதிரி 'ஜ்ஜ்ஜீங்' என்கிறது. ஜீவா வேண்டும் என்றேன், இவ்வளவு கேட்கவில்லை. அதோடு முன்விளிம்பு தேவைக்குமேல் இறங்கி மரத்தையே தொட்டுவிட்டது.

நிரப்ப வேண்டியதுதான். காடியில் ஆப்ப சோடாவைக் கொட்டி அழுத்தி, மேலே ஒரு சொட்டு ஃபெவிக்விக். உடனே கல்லாகிவிடும், புகை மூக்கைத் துளைக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஞாயிறு காலை "ஆப்ப சோடா டப்பா எங்கே?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தபோது நான் பாத்ரூமில் இருந்தேன்.

இரண்டாம் தடவை புத்தியோடு செய்தேன். நட்டை ஒட்டினாற்போல ஃபிங்கர்போர்டின் மேல் 0.35 மி.மீ. ஃபீலர் தகட்டை டேப் போட்டு ஒட்டிவிட்டேன். உப்புத்தாள் இரும்பைத் தொட்டதும் சத்தம் மாறும், அதற்குமேல் எவ்வளவு இழுத்தாலும் இறங்காது. பாஸை மடியில் வைக்காமல் மேஜையில் தலையணைமேல் கிடத்தி, ஹெட்ஸ்டாக் (முறுக்காணிகள் உள்ள தலை) பக்கம் நின்றுகொண்டு, அரத்தின் பின்முனையைத் தாழ்த்தியே பிடித்து, பத்து இழுப்புக்கு ஒருமுறை ஸ்ட்ரிங்கை வைத்துப் பார்த்து. ஈ ஒன்றுக்கு மட்டும் இரண்டு மணி நேரம். அதன் பலன்தான் நேற்று ராத்திரி பதினொன்றரை.

டேப்வூண்டை வெட்டும்போது ஒன்று: தேவையான இடத்தில் முதலில் செங்குத்தாக மடித்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் உள்சுற்று நழுவிச் செத்த ஸ்ட்ரிங் ஆகிவிடும். ஃபிளாட்வூண்டுக்கும் இதே கதைதான்.

ஒலி எப்படி என்றால், டேப்வூண்ட், நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பாஸின் பக்கம் சாய்கிறது. அடித்ததும் 'தும்' என்று உருண்டையாக வந்து, பிறகுதான் மெல்ல வாயைத் திறக்கிறது. ரவுண்ட்வூண்டின் பளபளப்பு இல்லை. மெதுவான பாட்டுக்கு அபாரம், வேகமாக வாசித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று குழைந்துவிடுகின்றன. நட் சரியாக இருந்திருந்தால் தோமாஸ்டிக்கே போதுமாக இருந்திருக்கும் என்று ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருக்கிறது. அதைத் திரும்ப மாட்டிப் பார்க்கலாம் என்றால், இப்போது காடி எல்லாம் அகலமாகிவிட்டது. 43 கம்பி 1.65 காடியில் தாயக்கட்டை மாதிரி உருளும். எலும்பில் இன்னொரு நட் செய்துகொள்ள வேண்டும். அண்ணா சாலையில் இருக்கும், 1842-ல் தொடங்கிய இசைக்கருவிக் கடையான மியூஸி மியூசிகலில் எலும்பு நட் கிடைக்குமா என்று அடுத்த வாரம் கேட்கப் போகிறேன்.

அதற்குள் இன்னொரு ஆசை: எபாக்சி பூச்சு. பூசிவிட்டால் ரவுண்ட்வூண்டைத் தைரியமாக ஓட்டலாம். காசிமேட்டில் கேட்டால் என்ன என்றுகூட யோசித்தேன், ஆனால் ஃபைபர் படகுக்கு அங்கே பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசின்தான் போடுகிறார்கள், எனக்கு வேண்டியது எபாக்சி. ரோஸ்வுட்டில் எண்ணெய் இருக்கும், அசிட்டோன் போட்டுத் துடைக்காமல் பூசினால் தோல் மாதிரி உரிந்துவிடும். பூசியபின் மரம் உயரும், அப்போது நட்டை மறுபடி தூக்க வேண்டும். அதை இப்போது நினைக்கவில்லை.

ஏ, டி இரண்டு காடிகளும் இன்னும் பழைய உயரத்தில்தான் இருக்கின்றன. ஆப்ப சோடா தீர்ந்துவிட்டது.