மிருதங்கக்காரர் காதில் 22 மில்லிசெகண்ட்

போன மாதம் அந்தேரியில் நான் வேலை பார்க்கும் ஸ்டூடியோவில் ஒரு பக்திப் பாடல் தொகுப்புக்கு மிருதங்கம் பதிவு செய்தோம். வாசிக்க வந்தவர் மாட்டுங்காவில் இருக்கும் வித்வான், அறுபதைத் தாண்டியவர், எத்தனையோ கச்சேரி பார்த்த கை. முதல் டேக்கில் பாதி போனதும் ஹெட்போனின் வலது பக்கத்தைக் கழற்றி காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். "தம்பி, நான் அடிச்சப்புறம் கொஞ்சம் கழிச்சுத்தான் எனக்குக் கேக்குது. கை ஒரு இடத்துல இருக்கு, சத்தம் ஒரு இடத்துல இருக்கு" என்றார். ஒரு காதைத் திறந்து வைத்தால் அவருக்கு வசதிதான், ஆனால் தாளம் காட்ட ஹெட்போனில் ஓடும் கிளிக் சத்தம் வெளியே கசிந்து மைக்கில் ஏறிவிடும். அப்புறம் அந்த டேக்கை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இந்தத் தாமதத்துக்கு மருந்து டிஎஸ்பி கார்டு, அதாவது ஒலிக் கணக்கை மட்டும் பார்க்கும் தனிச் சிப்புகள் உள்ள அட்டை.

கம்ப்யூட்டர் புதுசு, நல்ல வேகம். பிரச்சினை அதில் இல்லை. சென்னையிலிருந்து வந்த செஷனில் ஏற்கெனவே 60 டிராக், எல்லாவற்றிலும் பிளக்கின் (ஒலியை மாற்றும் சின்ன மென்பொருள்), அதனால் பஃபரை, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவையில் எடுத்துக்கொள்ளும் ஒலியின் அளவை, 512 சாம்பிளில் வைத்திருந்தேன். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் எடுக்கும்போது, 512 சாம்பிள் என்றால் உள்ளே வர 10.7 மில்லிசெகண்ட், வெளியே போக இன்னொரு 10.7. ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் கன்வர்ட்டர் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்தால் 22-ஐத் தாண்டுகிறது. காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஆக, மடியில் இருக்கும் மிருதங்கத்தை அவர் ஏழரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. நிமிடத்துக்கு 80 தட்டு போகும் தாளத்தில் ஒரு தட்டுக்கு எட்டு சொல் வாசித்தால், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் 94 மில்லிசெகண்ட்தான். அதில் கால்வாசியைக் கம்ப்யூட்டர் தின்றுவிட்டால் எந்தக் கைதான் தடுமாறாது?

பஃபரை 64-க்குக் குறைத்தேன். தாமதம் போனது, ஆனால் ஸ்பீக்கரில் பட் பட் என்று வெடிக்க ஆரம்பித்தது. காரணம் எளிது. கம்ப்யூட்டர் ஒலியைக் குடம் குடமாகத்தான் சுமக்கும். ஒரு குடம் நிரம்ப வேண்டும், அதைத் தூக்கி அத்தனை பிளக்கின் வழியாகவும் கொண்டுபோய் வெளியே ஊற்ற வேண்டும், அதற்குள் அடுத்த குடம் நிரம்பி நிற்கும். 64 சாம்பிள் என்றால் குடம் 1.3 மில்லிசெகண்டில் நிரம்பிவிடுகிறது. அந்த நேரத்தில் செயலி திரையை வரைந்துகொண்டிருக்கலாம், வைஃபையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், ஒரே ஒரு முறை பிந்தினாலும் காதில் வெடிக்கும். சராசரி வேகம் எவ்வளவு இருந்தாலும் இதற்கு உதவாது, ஒவ்வொரு முறையும் தவறாமல் நேரத்துக்கு முடிக்கிற உத்தரவாதம் வேண்டும்.

டிஎஸ்பி கார்டு தருவது அந்த உத்தரவாதத்தைத்தான். "இப்போதெல்லாம் லேப்டாப்பே போதுமே, டிஎஸ்பி கார்டு எதற்கு, பழைய காலத்து விஷயம்" என்று எங்கள் துறையிலேயே பலர் சொல்கிறார்கள். மிக்ஸ் மட்டும் செய்பவருக்கு அது சரி, நானும் ஒத்துக்கொள்கிறேன். மிக்ஸில் தாமதம் ஒரு பொருட்டே இல்லை, பஃபரை 1024-ல் வைத்துக்கொண்டு நிம்மதியாக வேலை பார்க்கலாம், அதற்காக யாரும் கார்டு வாங்க வேண்டாம். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் உட்கார்ந்து பாடும்போதோ வாசிக்கும்போதோ கணக்கே வேறு. டிஎஸ்பி சிப்புக்கு வேறு வேலை கிடையாது. ஒவ்வொரு பிளக்கினுக்கும் எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே ஒதுக்கி வைத்துவிடுகிறது. இடம் இல்லையென்றால் இன்னொரு பிளக்கினை ஏற்றவே விடாது, ஆனால் ஏற்றிக்கொண்ட பிறகு பாட்டின் நடுவில் காலை வாராது. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

இந்தக் கார்டுகள் வந்த காரணம் வேறு. டிஜிடிசைன் நிறுவனம் 1991-ல் புரோ டூல்ஸ் என்ற ஒலிப்பதிவு அமைப்பை முதலில் வெளியிட்டபோது அதில் நான்கே டிராக், அன்றைய கம்ப்யூட்டரால் அதைக்கூடத் தனியாகச் சமாளிக்க முடியாது, அதனால் மோட்டோரோலாவின் டிஎஸ்பி சிப்புகளிடம் வேலையைக் கொடுத்தார்கள். 2002-ல் எச்டி கார்டுகள், 2011-ல் தாய் நிறுவனமான அவிட் பெயரில் எச்டிஎக்ஸ் கார்டு. எச்டிஎக்ஸில் ஒரே கார்டில் 18 டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப், 256 வாய்ஸ் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய ஒலித்தடங்கள்), 96 கிலோஹெர்ட்ஸில் தாமதம் ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழே. யூனிவர்சல் ஆடியோ 2012-ல் அப்போலோவைக் கொண்டுவந்து சிப்பை இன்டர்ஃபேஸ் பெட்டிக்குள்ளேயே (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) வைத்தது, அதனால் பாடகர் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரெஸர் வழியாகவே பாடிக்கொண்டு அப்படியே தன் குரலைக் கேட்கலாம். ஆர்எம்இ நிறுவனத்தின் சில பெட்டிகளில் எஃப்பிஜிஏ என்ற இன்னொரு வகைச் சிப் மிக்ஸரை ஓட்டுகிறது. 2020-ல் வந்த அவிட்டின் கார்பன் பெட்டியில் எஃப்பிஜிஏ, டிஎஸ்பி இரண்டும் இருக்கின்றன. கம்ப்யூட்டருக்குப் பலம் போதாமல் பிறந்த கருவி, பலம் வந்த பிறகும் வேறொரு தேவைக்காக நிற்கிறது. குறையும் உண்டு, மறைக்கவில்லை. சாம்பிள் ரேட்டை இரட்டிப்பாக்கினால் ஏற்றக்கூடிய பிளக்கின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகிவிடும். அந்தச் சிப்புக்கென்று எழுதிய பிளக்கின்தான் ஓடும். 2013-ல் புரோ டூல்ஸ் 11 வந்தபோது எச்டிஎக்ஸுக்கு முந்தைய தலைமுறை எச்டி கார்டுகள் (டிடிஎம் வகை) அதில் வேலை செய்யவில்லை, அந்தக் கார்டுகளை வைத்திருந்தவர்கள் பழைய பதிப்பிலேயே தங்க வேண்டியிருந்தது.

பாடகர்களுக்கு இது வேறு மாதிரி படுத்தும். செம்பூரிலிருந்து ஒரு மாமி இதே தொகுப்புக்குப் பாட வந்தார், ஹார்பர் லைனில் வடாலா வந்து கோரேகாவ் வண்டி மாறி, கையில் வெந்நீர் பிளாஸ்க்கோடு. அன்று பஃபர் சின்னதுதான், மொத்தத் தாமதம் 5 மில்லிசெகண்ட் இருக்கும். பிந்துகிறது என்று அவர் சொல்லவில்லை. "என் குரல் என் குரலாவே இல்லப்பா, டப்பாக்குள்ளேர்ந்து வராப்ல இருக்கு" என்றார். நம் குரல் நமக்கு எலும்பு வழியாகத் தாமதமே இல்லாமல் கேட்கிறது. ஹெட்போன் வழியாக அதே குரல் 5 மில்லிசெகண்ட் கழித்து வந்து அதோடு கலக்கும்போது 100, 300, 500 ஹெர்ட்ஸ் என்று சில இடங்களில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மெலிந்துவிடும். பாடுபவர் தன்னையறியாமல் தொண்டையை அழுத்துவார், சுருதி நகரும். பழியை நாம் அவர் மேல் போடுவோம். அது எனக்குப் பொறுக்காது.

கார்டு வாங்க வசதி இல்லாத ஸ்டூடியோக்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு, வீட்டில் சின்ன இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். இன்டர்ஃபேஸில் இருக்கும் டைரக்ட் மானிட்டர் (கம்ப்யூட்டருக்குப் போய் வராமல் நேரே காதுக்குப் போகும் பாதை) வழியாக வெறும் குரலைக் காதுக்கு அனுப்புங்கள், மென்பொருளில் அந்த டிராக்கின் நேரடிச் சத்தத்தை அடைத்துவிட்டு ரிவெர்ப்பை மட்டும் விடுங்கள். ரிவெர்ப் 10 மில்லிசெகண்ட் பிந்தினால் யாருக்கும் உறுத்தாது, எந்த மண்டபத்திலும் எதிரொலி பிந்தித்தானே வரும். நேரடிச் சத்தத்தை அடைக்க மறந்தால் குரல் இரண்டு இரண்டாகக் கேட்கும், இது அடிக்கடி நடக்கிறது. ஹெட்போனில் குரல் மெலிந்து கேட்டால் போலாரிட்டியை, அதாவது ஒலி அலையின் மேல் கீழை, ஒரு முறை திருப்பிப் பாருங்கள், சிலருக்கு உடனே குரல் நிறைந்துவிடும். மாமிக்கு நான் முதலில் செய்தது அதுதான், முகமே மாறியது.

மிருதங்கத்துக்கு டிஎஸ்பி உள்ள பெட்டியை வாடகைக்கு எடுத்து இரண்டு நாள் கழித்துத் திரும்பப் பதிவு செய்தோம். பெரியவரிடம் எதையும் விளக்கவில்லை. வாசிக்க ஆரம்பித்து இரண்டாவது ஆவர்த்தனத்தில் கண்ணை மூடிக்கொண்டார், இரண்டு காதிலும் ஹெட்போன் அப்படியே இருந்தது. மோரா முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டார், குரலைக் கொஞ்சம் ஏத்து, கிளிக் வேண்டாம், மாமி பாட்டோடயே போறேன் என்று. கிளிக்கை எடுத்துவிட்டேன்.