வெள்ளி எழுந்த வாரம்

ஜனவரி 6, 2024, சனி

நந்தனம் புத்தகக் காட்சியிலிருந்து இப்போதுதான் வந்தேன். காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும் முதலில் பிரித்தது மா. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’. முன்பு என்னிடம் இருந்த பிரதி கைமாறிக் கைமாறி எங்கோ ஒரு நல்ல வீட்டில் இருக்கிறது. அது திரும்ப வர வேண்டாம், அங்கேயே இருக்கட்டும். அதனால்தான் இன்னொன்று.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் கிருஷ்ணன். கல்கத்தாவிலிருந்து வந்த ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் ஒரு பத்தி எழுதத் தொடங்கினார். 1996 பிப்ரவரியில் அவர் காலமாகும்வரை அது நிற்கவில்லை. யானையையும் காட்டெருமையையும் பற்றி எழுதும் அதே அக்கறை, வீட்டுக் கொல்லையில் திரியும் அணிலுக்கும் காக்கைக்கும் அவரிடம் உண்டு. எனக்கு அவரைப் பிடித்துப்போன காரணமே அதுதான். காட்டுக்குப் போக வசதியில்லாதவரையும் ஜன்னலோரம் உட்காரவைத்து எதையாவது பார்க்கவைத்துவிடுவார். தமிழில் அவர் எழுதிய கட்டுரைகளைத் தேடித் தொகுத்தவர் சு. தியடோர் பாஸ்கரன். அந்த ஒரு வேலைக்காகவே அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஜனவரி 9, செவ்வாய்

வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறியதும் காதில் மாட்டிக்கொள்வது பிபிசி ரேடியோ 4இன் ‘இன் அவர் டைம்’. 1998இல் தொடங்கியது. நான் கேட்பது மெல்வின் பிராக் நடத்திய உரையாடல்கள்: அவர், எதிரே மூன்று அறிஞர்கள், வாரத்துக்கு ஒரு பொருள். பின்னணி இசை கிடையாது, வெட்டிச் சிரிப்பு கிடையாது. பேராசிரியர் யாராவது சுற்றி வளைத்தால் பிராக் இடையில் புகுந்து, “அதை இன்னும் தெளிவாகச் சொல்லுங்கள்” என்கிற தோரணையில் இழுத்துப் பிடிப்பார். கேட்பவருக்காக அவர் படும் அவசரம் அது.

தமிழில் இப்படி ஒன்று வர வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஏரியும் மதகும் பற்றி மூன்று பேர். தேவதாசி மரபு பற்றி மூன்று பேர். சிலப்பதிகாரத்துச் சமணம் பற்றி மூன்று பேர். பேசத் தெரிந்தவர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். நேரத்துக்குள் நிறுத்தி, விஷயத்தை வாங்கத் தெரிந்த ஒருவர்தான் வேண்டும்.

ஜனவரி 11, வியாழன்

அமாவாசை. நிலா வெளிச்சம் இல்லாத விடியலைப் பார்த்துவிடலாம் என்று ஐந்து மணிக்கே மொட்டைமாடிக்குப் போனேன். தென்கிழக்கில் வெள்ளி அப்படி ஒளிவிட்டுக்கொண்டிருந்தது. வியாழனோ நள்ளிரவு தாண்டியதும் மேற்கே இறங்கிவிடுகிறது. மார்கழி, விடியல், கிழக்கே வெள்ளி, வியாழனைக் காணோம். “வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிற்று” என்று திருப்பாவையின் பதின்மூன்றாம் பாட்டில் ஆண்டாள் சொன்ன வானம் அப்படியே என் தலைக்கு மேல்!

இந்த ஒரு வரியை வைத்துத் தமிழறிஞர் மு. இராகவையங்கார் ஆண்டாளின் பாட்டுக்குக் கி.பி. 731 என்று காலம் கணித்தார். இதே வானம் இந்த மார்கழியிலும் வந்து நிற்கிறதே, அப்படியானால் நடுவில் எத்தனை மார்கழிகளில் வந்திருக்கும்? ஆண்டை உறுதிசெய்ய இந்த வரி மட்டும் போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் ஆண்டாள் வானத்தைப் பார்த்துத்தான் எழுதினார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பறவை விஷயத்திலும் அப்படித்தான். ஏழாம் பாட்டில் தோழியை எழுப்ப ஆண்டாள் சொல்லும் அடையாளம், “கீசு கீசென்று” ஆனைச்சாத்தன் கலந்து பேசும் சத்தம். கரிச்சான் வகைப் பறவை என்று உரை சொல்கிறார்கள். இன்று காத்திருந்து கேட்டேன். கிழக்கு வெளுக்கும் முன்பே, காக்கை வாய் திறப்பதற்கு முன்பே, கம்பி மேல் உட்கார்ந்து குரல் கொடுத்தது கரிச்சான்தான். பின்னாலேயே இன்னொன்று பதில் சொன்னது. “கலந்து” என்றால் கலந்துதான். எம்.எல். வசந்தகுமாரி பாடிய திருப்பாவையை மார்கழி தோறும் வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இனி அந்தப் பாட்டு வரும்போது எனக்கு இந்தக் கம்பியும் சேர்ந்து வரும்.

உங்களுக்கும் முடிந்தால் தை பிறப்பதற்குள் ஒரு நாள் ஐந்தரைக்கு முன் எழுந்து பாருங்கள்.

ஜனவரி 13, சனி

வீட்டில் போகிக்குப் பழைய தாள்களை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது ‘என் சரித்திரம்’ கையில் மாட்டியது. வேலை அங்கேயே நின்றது.

உ.வே. சாமிநாதையர் இதை ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக எழுதினார். 1942இல் அவர் மறைந்தபோது கதை பாதியில் நின்றது. நான் திரும்பத் திரும்பப் போகும் இடம் 1880. கும்பகோணம் கல்லூரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. இதற்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி தெரியுமா என்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமே பாடம் கேட்டவரிடம் இந்தக் கேள்வி!

கேட்டதோடு முதலியார் நிற்கவில்லை. தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியையே கொடுத்துப் படிக்கச் சொன்னார். ஐயருக்கு உரை புரியாமல் திணறியபோது கும்பகோணத்துச் சமணர்கள் உதவினார்கள். அவர்கள் வீடுகளில் அது பூசைக்குரிய நூல், தலைமுறையாகப் படித்துப் பொருள் சொல்லிவந்தார்கள். வேறு சமயத்துப் பிள்ளை வந்து கேட்கிறானே என்று விலக்காமல், தங்களுக்கு உயிரான நூலைத் திறந்து காட்டினார்களே, அந்தப் பக்கங்களில் எனக்கு எப்போதும் கண் கலங்கும். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. தொடர்ந்து 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை.

“நீ என்ன படிக்கிறாய்?” என்று யாராவது கேட்டால் நான் அசட்டையாகப் பதில் சொல்வதில்லை. என்னிடம் இருப்பதையும் ஒளித்துவைப்பதில்லை. முதலியாரிடமும் அந்தச் சமணக் குடும்பங்களிடமும் கற்றுக்கொண்டது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பால் பொங்கி, சாமி கும்பிட்டு முடித்ததும் பறவைக் கணக்கு.

தெரியாதவர்களுக்கு: 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது கால் மணி நேரம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி ‘ஈபேர்ட்’ தளத்தில் ஏற்ற வேண்டும். மொட்டைமாடியே போதும். மாடிவீட்டுச் சிறுமி நோட்டுப் புத்தகத்தோடு வந்துவிட்டாள். “அக்கா, காக்காயையும் எழுதணுமா?” என்றாள். எழுதத்தான் வேண்டும். எங்கும் இருக்கிறதே என்று விட்டுவிட்டால், குறைந்துபோகும்போது எவருக்கும் தெரியாது. மைனா, செம்பகம், தையல்சிட்டு, பனை உழவாரன் என்று அவள் எழுத்தில் வரிசை நீண்டது. குக்குறுவான் குரலை நான் சொல்வதற்கு முன் அவளே பிடித்துவிட்டாள்.

மாலையில் வேலியோரப் புதரிலிருந்து இரண்டு கட்டையாக ஒரு விசில். ஆறுமணிக்குருவி! இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வந்து, இலங்கைவரை போகிற பறவை. உடம்பில் அத்தனை நிறம் இருந்தும் தரையில் சருகைக் கிளறிக்கொண்டு கண்ணில் படாமல் திரியும். இன்றும் படவில்லை. கேட்டதும் கணக்குதான் என்று சொன்னபிறகுதான் சிறுமி கீழே இறங்கினாள்.

ஜனவரி 17, புதன்

காணும் பொங்கல். உறவினர் வந்து போனார்கள், பெரிதாக எழுத ஒன்றுமில்லை. கிருஷ்ணன் புத்தகம் சிறுமியிடம் போயிருக்கிறது. அவள் அம்மா முதலில் படிக்கப்போவதாகச் சொன்னார்.

‘என் சரித்திரம்’ தடிமனைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது, எங்கே தொடங்குவது என்று சிலர் கேட்டீர்கள். நேரே முதலியார் வரும் அத்தியாயத்துக்குப் போங்கள். பிறகு மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாயால் பாட்டுச் சொல்லிக்கொண்டே போக, ஐயர் ஏட்டில் எழுதும் பகுதிகள். அதற்குப்பின் முதல் பக்கம், ஐயரின் ஊரான உத்தமதானபுரம். ‘மதுரைத் திட்டம்’ தளத்தில் பழந்தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே சிந்தாமணியையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், படிக்கும்போது பக்கத்தில் வேண்டியிருக்கும்.