வியர்வை வேறு, கையெழுத்து வேறு: எய்பார் ஜெர்சி சேர்ப்பவர்களுக்கு

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில், கிபுஸ்கோவா மாகாணத்தின் இடுங்கிய பள்ளத்தாக்கு ஒன்றில் இருக்கிறது எய்பார். மக்கள்தொகை 27,000 சொச்சம். துப்பாக்கிக்குப் பேர்போன ஊர். இங்கே செய்த துப்பாக்கியில் சோதனைச்சாலையின் முத்திரை இருக்கும். 1927இலிருந்து ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் அதோடு சேர்ந்தது. பழைய துப்பாக்கி சேர்ப்பவர் விற்பவரின் கதையைக் காதில் வாங்கமாட்டார், நேரே அந்த முத்திரையைத் தேடுவார். இந்த ஊர் கால்பந்து அணியின் ஜெர்சியையும் அப்படித்தான் வாங்க வேண்டும். அணியின் பட்டப்பெயரே 'ஆர்மெரோஸ்', அதாவது துப்பாக்கிக் கொல்லர்கள்.

எஸ்.டி. எய்பார் தொடங்கியது 1940இல். 2014இல் முதல் பிரிவுக்கு ஏறி 2021 வரை ஏழு சீசன் அங்கே நின்றது. அதற்கு முன் இரண்டாம் பிரிவில் இருந்த காலத்தில் பின்னாளில் உலகக் கோப்பை வென்ற ஸ்பெயின் வீரர்களான சாபி அலோன்சோ 2000-01இலும், தாவித் சில்வா 2004-05இலும் வேறு கிளப்பிலிருந்து கடனாக வந்து ஆடினார்கள். சந்தையில் அதிகம் பொய் புழங்குவது இந்த இருவர் பெயரில்தான். சில்வா பிற்காலத்தில் போட்ட கையெழுத்தைக் கடையில் வாங்கிய ஏதோ ஒரு எய்பார் ஜெர்சியில் வைத்து, '2004 ஜெர்சி' என்று விற்பார்கள். கையெழுத்து அசல்தான். ஜெர்சிக்கும் அந்த வருடத்துக்கும்தான் சம்பந்தமில்லை.

ஆகவே முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். கையெழுத்து ஜெர்சி பெரும்பாலும் கிளப் கடையில் விற்கும் நகல். வீரர் அதைப் போட்டு ஆடியதில்லை. ஆடிய ஜெர்சி என்பது உதில்யெரோ, அதாவது அணியின் உடை, சாமான்களைக் கவனிக்கும் ஆள், அந்த ஆட்டத்துக்காக எடுத்துவைத்து, வீரர் போட்டு இறங்கியது. நடுவில் இன்னொரு வகை உண்டு: ஆட்டத்துக்கென்று பெயர், எண் ஒட்டித் தயாரித்து, வீரர் உடலில் ஏறாமலே போனது. மாற்று ஆட்டக்காரராகக் கடைசிவரை பெஞ்சில் இருந்தவருடையது இப்படித்தான். இதையும் 'ஆடியது' என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். விலை பாதிக்கும் கீழே இருக்க வேண்டிய சரக்கு அது.

சின்ன கிளப் என்பதால் ஒரு சிக்கல். பெரிய கிளப் மாதிரி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புது செட் கிடையாது. ஒரே ஜெர்சியைத் துவைத்து மறுபடி மறுபடி போடுவது சாதாரணம். வியர்வை நாற்றம் இல்லை, சோப்பு வாசம் அடிக்கிறது என்பதற்காக ஒன்றைத் தள்ளிவிடாதீர்கள். நாற்றம் அடிப்பதால் மட்டும் நம்பவும் வேண்டாம். சனிக்கிழமை பார்க்கில் ஓடிவிட்டு வந்தாலும் அது கிடைக்கும்.

எண்ணிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. ஸ்பெயினின் மேல் இரு பிரிவுகளில் 1995-96இலிருந்து ஒவ்வொரு வீரருக்கும் சீசன் முழுக்க ஒரே எண், முதுகில் பெயரும் உண்டு. முதல் அணிக்கு 1 முதல் 25 வரை. கோல்கீப்பர்களுக்கு 1, 13, 25. 25க்கு மேலே போனால் இளையோர் அணியிலிருந்து ஏறிவந்த பையன். எனவே 13 எண்ணில் ஒரு முன்கள வீரர் பெயர் இருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். 2009 முதல் 2013 வரை எய்பார் மூன்றாம் படியான செகுந்தா பேயில் இருந்தது. அங்கே பெரும்பாலும் பழைய வழக்கம்: களமிறங்கும் பதினொருவருக்கு 1 முதல் 11, முதுகில் பெயர் இல்லை. அந்தக் காலத்து ஜெர்சியில் 23ஆம் எண்ணும் பெயரும் பார்த்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது எழுத்துரு. 2017-18 முதல், முதல் பிரிவை நடத்தும் லா லிகா எல்லா அணிகளுக்கும் ஒரே எழுத்துருவைக் கட்டாயமாக்கியது. அதற்கு முந்திய சீசன் ஜெர்சியில் அந்த எழுத்து இருந்தால் யாரோ பிற்பாடு ஒட்டியிருக்கிறார்கள். ஜெர்சிக் கையில் ஒட்டும் லீக் வில்லையும் அதே கதை: 2015-16 வரை பழைய சின்னம், 2016-17இல் புதிது, 2023-24இல் சிவப்பில் மறுபடி புதிது. தயாரிப்பாளரும் காலம் சொல்வார்: முதல் பிரிவின் முதல் சீசனான 2014-15இல் ஹம்மெல், 2016-17இல் பூமா.

இப்போது சுவாரசியமான பகுதி, படத்தோடு ஒப்பிடுவது. எய்பாரின் நிறம் நீலமும் அடர்சிவப்புமான நெடுக்குப் பட்டை. சேர்ப்பவருக்கு இது வரப்பிரசாதம். தையலில் துணி வெட்டும் இடம் சற்று நகர்ந்தாலே பட்டை நகரும். எண்ணைச் சூட்டால் ஒட்டும் ஹீட் பிரஸ்ஸில் கையால் வைத்து அழுத்துவதால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளியோ சாய்ந்தோ விழும். மார்பில் விளம்பர எழுத்து ஒவ்வொன்றும் எந்தப் பட்டையின் விளிம்பை எங்கே வெட்டுகிறது, கிளப் சின்னத்தின் கீழ்முனை பட்டைக்கு உள்ளேயா வெளியேயா, முதுகில் எண்ணின் அடிக்கோடு எந்தப் பட்டையில் ஆரம்பிக்கிறது: இந்த மூன்றையும் குறித்துக்கொண்டு செய்தி நிறுவனப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். உடலில் இழுபட்ட துணியில் அளவு மாறும், ஆனால் விளிம்பு எந்த எழுத்தை வெட்டுகிறது என்பது மாறாது. எனவே ஸ்கேலை விட்டுவிட்டு வெட்டுமிடத்தைப் பாருங்கள். ஒரு புள்ளி பொருந்துவது தற்செயலாக இருக்கலாம். மூன்று பொருந்தினால் துணிந்து வாங்கலாம்.

நூல் இழுபட்டது, புல்கறை, வினைல் என்ற பிளாஸ்டிக் படலத்தாலான எண்ணில் பூட்ஸ் ஆணி கீறியது எல்லாம் நல்ல சாட்சிகள்தான். ஆனால் அந்தக் கீறல் விழுந்த கணத்துக்குப் பிந்திய படத்தில்தான் அது தெரியும். முன்பாதிப் படத்தில் கீறல் இல்லை என்று ஜெர்சியை நிராகரிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பாதி என்றதும் இன்னொன்று. மழை நாளில் இடைவேளையில் ஜெர்சி மாற்றுவது வழக்கம், எய்பாரிலோ மழைக்குக் குறைவில்லை. அப்படியானால் ஒரே ஆட்டத்துக்கு ஒரு வீரருக்கு இரண்டு ஜெர்சி. 2014 ஆகஸ்ட் 24இல் எய்பாரின் முதல் லா லிகா ஆட்டம். இபுருவா மைதானத்தில் ரியல் சோசியெதாதை 1-0 என வென்றது. ஹாவி லாராவின் ஃப்ரீ கிக் இடைவேளைக்குச் சற்று முன் விழுந்தது. 'அந்த ஆட்டத்தின் லாரா ஜெர்சி' என்று யாராவது நீட்டினால், எந்தப் பாதியின் ஜெர்சி என்பதுதான் முதல் கேள்வி.

எய்பாரில் ஆடிய ஜப்பானிய வீரர் தகாஷி இனுய் விஷயத்தில் இன்னும் எளிய பொறி ஒன்று. 2017 மே 21இல் பார்சிலோனாவின் மைதானமான காம்ப் நோவில் அந்த அணிக்கு எதிராக அவர் இரண்டு கோல் அடித்தார், பாதிக்கு ஒன்றாக. எய்பார் 4-2 எனத் தோற்றது. ஜப்பானிலும் தேடுவார்கள் என்பதால் இந்த 8ஆம் எண்ணுக்கு விலை ஏறும். ஆனால் பார்சிலோனாவின் நிறமும் நீலம்-அடர்சிவப்பு. அங்கே போய் எய்பார் தன் வீட்டு ஜெர்சியைப் போட முடியாது, மாற்று உடைதான். 'காம்ப் நோவில் ஆடியது' என்று பட்டை போட்ட ஜெர்சியைக் காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கையெழுத்துக்கு வருவோம். பாலியெஸ்டர் துணியில் சாதாரண பெர்மனென்ட் மார்க்கரின் மை நூல்வழியே பரவும். கோடு வழிந்து மயிர்க்கால் போலத் தெரியும். நீலப் பட்டையிலும் சிவப்புப் பட்டையிலும் கறுப்பு எடுபடாது என்பதால் வெள்ளி நிற பெயின்ட் மார்க்கர் கொடுப்பார்கள். அது பளிச்சென்று தெரியும். மடிப்பு விழுந்த இடத்தில் வெடித்து உதிரும். வெள்ளை எண் மேல் போட்டால் அழகு, ஆனால் வினைல் மையை உறிஞ்சாது; விரல் பட்டாலே இழுபடும். நீங்களே கையெழுத்து வாங்கப் போகிறீர்கள் என்றால் உள்ளே கெட்டி அட்டை வைத்துத் துணியை இறுக்கிப் பிடியுங்கள், மார்க்கரை முன்பே குலுக்கி வேறு தாளில் ஓட்டிப் பாருங்கள், 24 மணி நேரம் விரித்தபடியே விடுங்கள். மை காயாமல் மடித்தால் எதிர்ப்பக்கத்தில் கண்ணாடி பிம்பமாக ஒட்டிக்கொள்ளும். அணி மொத்தமும் கையெழுத்திட்ட ஜெர்சிகளில் இந்தப் பிம்பம் சகஜம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது அச்சடித்த கையெழுத்துக்கு. 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்: பேனாவால் போட்டதில் இரு கோடு குறுக்கிடும் இடம் கருமையாக இருக்கும், உள்பக்கம் மை கசிந்திருக்கும். அச்சில் எங்கும் ஒரே அடர்த்தி. அணிக் கையெழுத்தென்றால் பெயர்ப் பட்டியலையும் சரிபாருங்கள். ஜனவரியில் கிளப்பை விட்டுப் போனவரும் அதே ஜனவரியில் புதிதாகச் சேர்ந்தவரும் ஒரே ஜெர்சியில் சேர்ந்திருந்தால், இரண்டு தடவையாக வாங்கியது என்ற விளக்கம் தேவை.

பாதுகாப்பில் பெரிய எதிரி சூடு. அடர்சிவப்புச் சாயம் வெப்பத்தில் நகர்ந்து வெள்ளை எண்ணுக்குள் ஏறி, எண் ரோஸ் நிறமாகும். ஏறிய சாயத்தை இறக்க வழியில்லை. தகர பீரோ, பரண், கார் டிக்கி எதிலும் வைக்காதீர்கள். இஸ்திரிப் பெட்டி கிட்டவே வரக்கூடாது. எண் எண்ணோடு ஒட்டும்படி மடிக்காமல் நடுவில் பேக்கிங் பேப்பர் வையுங்கள். பிவிசி உறை வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் போதும். அந்துருண்டையும் வேண்டாம்: பாலியெஸ்டரைப் பூச்சி அரிக்காது, அதன் ஆவி வினைலைத்தான் இளக்கும். சேறு படிந்த ஜெர்சியைத் துவைக்காமல் வைப்பதானால் நிழலில் நன்றாகக் காயவைத்த பிறகே உறையில் போடுங்கள். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பூஞ்சைதான்.

ஒப்பிட்ட படங்கள், விற்பவரின் செய்திகள், ரசீது எல்லாவற்றையும் ஒரு தனி உறையில் போட்டு ஜெர்சியோடு சேர்த்து வையுங்கள். ஸ்டிக்கராகத் துணியில் ஒட்டிவிடாதீர்கள். அந்தப் பசையை எடுக்கப் போய் விளம்பர எழுத்தையும் சேர்த்து உரித்தவர்கள் உண்டு.